கோரிப்பாளையத்து லிஃப்டில் ஒரு பழுது

வில்லாபுரத்திலிருந்து காலையில் ஸ்கூட்டியில் கிளம்பும் தமிழ்வாணியைப் பார்த்தால், ஏதோ பள்ளிக்கூடத்துக்கோ ஜவுளிக்கடைக்கோ வேலைக்குப் போகிறவள் என்றுதான் நினைக்கத் தோன்றும். காலடியில் வைத்திருக்கும் பையைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். ஸ்பேனர், டெஸ்டர், மீட்டர், கிரீஸ் டப்பா, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, குட்டையாக வெட்டிய விளக்குமாறு ஒன்று. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஏறி இறங்குகிற மேடை லிஃப்டுகளைப் பழுது பார்ப்பதும் பராமரிப்பதும் அவள் வேலை.

பெரிய கட்டடங்களில் இருக்கிற மூடிய பெட்டி லிஃப்ட் வேறு, இது வேறு. நாற்காலியோடு ஒருவர் ஏறி நிற்கும் அளவுக்கு ஓர் இரும்பு மேடை, அதைச் சுற்றி இடுப்பளவு தடுப்பு, ஏற ஒரு பட்டன், இறங்க ஒரு பட்டன். பெரும்பாலும் ஒரு மாடிக்கு மேல் போகாது. வங்கி வாசலில் இருக்கும், சின்ன ஆஸ்பத்திரிகளில் இருக்கும், கல்யாண மண்டபங்களில் இருக்கும், கொஞ்சம் வீடுகளிலும் இருக்கும்.

தமிழ்வாணிக்குச் சொந்த ஊர் எழுமலைப் பக்கம். அப்பா காசிமாயனுக்கு மானாவாரி நிலம். மகளைத் தையல் படிக்க வைக்கத்தான் மதுரை ஐ.டி.ஐ.க்கு அழைத்து வந்தார். தையலில் இடம் முடிந்துவிட்டது, எலக்ட்ரீஷியனில்தான் இருக்கிறது என்றார்கள். பஸ் செலவு செய்து வந்தாயிற்று, சும்மா திரும்பிப் போவானேன் என்று அதிலேயே சேர்த்துவிட்டுப் போனார். படித்து முடித்து ஒரு நூற்பாலையில் இருந்தாள். ஆலையை மூடினார்கள். மினி பஸ் ஓட்டும் அழகுபாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டு வில்லாபுரத்துக்கு வந்தாள். பிறகுதான் சோலையின் லிஃப்ட் சர்வீஸில் வேலை கிடைத்தது.

சோலை முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார். "வயசானவங்க, முடியாதவங்க இருக்குற வீடு தாயி. பகல்ல பொம்பளைங்க மட்டுந்தான் இருப்பாங்க. நம்ம பயலுக போனா கதவத் தொறக்கவே யோசிக்கிறாங்க. நீ போனா உள்ள கூப்பிட்டு உக்கார வப்பாங்க."

அது நிஜம்தான். ஆனால் உட்கார வைத்த பிறகு, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்பவர்களும் இருந்தார்கள். தமிழ்வாணி பையைத் திறப்பாள்.

இத்தனை வருஷத்தில் அவள் தெரிந்துகொண்டது, மெஷின் தானாகக் கெடுவது குறைவு என்பதுதான். ஓர் ஆஸ்பத்திரியில் தரையைக் கழுவுகிறவர் மிச்சத் தண்ணீரை லிஃப்டுக்கடியில் ஊற்றி ஊற்றி ஒயரெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது. ஒரு மண்டபத்தில் அரிசி மூட்டையை அடுக்கி ஏற்றியிருந்தார்கள். ஒரு வங்கியில் மேடைமேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். யாராவது சக்கர நாற்காலியில் வந்தால் தொட்டிகளை இறக்க ஆள் தேட வேண்டும். இன்னொரு இடத்தில் கன்ட்ரோல் பெட்டிக்குள் பல்லி ஒன்று காய்ந்து கிடந்தது. கரண்ட் செலவு என்று ராத்திரி மெயினை அணைத்துவிடுகிறவர்கள் பாதிப் பேர். லிஃப்ட் ஓடுவதே உள்ளிருக்கும் பேட்டரியில்தான். மெயினை அணைத்தால் பேட்டரிக்குச் சாப்பாடு கிடையாது, நாலு நாளில் படுத்துவிடும். எல்லா இடத்திலும் அவள் சொல்வது ஒன்றுதான். அடியில் தினமும் கூட்டுங்கள். மெயினை அணைக்காதீர்கள். சாமான் ஏற்றாதீர்கள். கதவை அறையாதீர்கள். கேட்டுக்கொள்வார்கள். அடுத்த முறை போனால் அதே தண்ணீர், அதே தொட்டி.

கோரிப்பாளையத்தில் மன்சூர் வீட்டு லிஃப்ட் இந்தக் கணக்கு எதிலும் சேரவில்லை.

தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. கீழே சிஹாபுதீன் என்பவர் வாடகைக்குப் பிடித்து பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். மாடியில் மன்சூரும் அவன் அம்மா அஜ்மல் பீவியும். மன்சூருக்கு முப்பது வயது இருக்காது. மேலூர் ரோட்டில் பைக்கில் போனபோது லாரி தட்டி முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போயிற்று. ரொம்ப நாள் மாடியிலேயே கிடந்தான். கீழே இறங்க வேண்டுமென்றால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பிறகு சவுதியில் இருக்கும் மச்சான் ஏற்பாட்டில் சந்துப் பக்கச் சுவரை ஒட்டி லிஃப்ட் வைத்தார்கள். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்றும் வந்தது. அண்ணாநகரில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான் மன்சூர்.

வேலைக்குச் சேர்ந்த மாதத்திலேயே லிஃப்ட் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

முதல் தடவை தமிழ்வாணி போனபோது மன்சூர் வேலைக்குப் போகிற சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தான். "காலைல இருந்து அமுக்குறேன்க்கா. அசைய மாட்டேங்குது."

அவள் லிஃப்டின் மேல்வாசல் கதவை மூடி பட்டனை அமுக்கினாள். லிஃப்ட் நல்ல பிள்ளையாக இறங்கியது, ஏறியது. பேட்டரி சரி, ஒயர் சரி, மேடை ஏறி இறங்கும் திருகுத்தண்டில் கிரீஸும் சரி. சும்மா போகக் கூடாதே என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் அவள் போனதும் ஓடியது. கதவுப் பூட்டில்தான் சந்தேகம் என்று பூட்டையே புதிதாக மாற்றினாள். கதவு முழுக்கச் சாத்தி, அதிலிருக்கும் இரும்பு நாக்கு பூட்டின் துளைக்குள் கடைசிவரை போனால்தான் லிஃப்ட் நகரும். நாக்கு நூலளவு வெளியே நின்றாலும் கதவு திறந்திருக்கிறது என்று லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். அது பாதுகாப்புக்காக வைத்தது. புதுப் பூட்டும் சில நாள்தான் தாங்கியது.

மன்சூர் ஆபீஸுக்கே போன் போட்டுவிட்டான். சோலை அவளைக் கூப்பிட்டு, "என்ன தாயி, அந்தத் தம்பி வேலைக்குப் போக முடியலன்னு கத்துது. ஒனக்குப் பிடிபடலன்னா சொல்லு, வேற ஆளு அனுப்புறேன்" என்றார்.

"இன்னொரு தடவ பாக்குறேண்ணே."

"பாரு. இதான் கடைசி."

தமிழ்வாணி அன்று அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். நான் போகாதபோது மட்டும் கெடுகிற மெஷின் எங்கேயாவது உண்டா என்று சாப்பிடும்போது அழகுபாண்டியிடம் கேட்டாள். "என் பஸ்ஸு அப்படித்தான், மெக்கானிக்கைக் கண்டா பொட்டிப்பாம்பா ஆயிரும்" என்றான் அவன்.

மூன்றாவது முறை மன்சூர் கூப்பிட்டபோது தல்லாகுளத்தில் ஒரு வங்கி லிஃப்டில் வேலை பார்த்து முடித்திருந்தாள். பக்கத்திலேயே கோரிப்பாளையம். போனை வைத்த கையோடு போய் நின்றாள். மன்சூர் கூடத்தில் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லுஹர் என்கிற மதியத் தொழுகை நேரம். உள்ளறையில் அஜ்மல் பீவி தொழுகையில் நின்றிருந்தார்.

தமிழ்வாணி மேல்வாசல் கதவைச் சாத்தி பட்டனை அமுக்கினாள். அசையவில்லை. முதல் முறையாக அந்தப் பழுதை அவள் கண்ணால் பார்த்தாள். கதவைத் திறந்து பூட்டுத் துளைக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே ஏதோ நீலமாகத் தெரிந்தது. பிரஷ்ஷின் காம்பால் நெம்பி எடுத்தாள். மாத்திரைப் பெட்டியிலிருந்து கிழித்து, பல மடிப்பாக மடித்த அட்டைத் துண்டு.

தானாக விழுந்த குப்பை அவ்வளவு ஒழுங்காக மடிந்திருக்காது. அவள் வந்து சேர்வதற்குள் யாரோ எடுத்துவிடுகிறார்கள், இன்று அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நிமிர்ந்தாள். உள்ளறையில் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த அஜ்மல் பீவி பாயில் உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துஆ கேட்கத் தூக்க வேண்டிய கைகள் மடியிலேயே கிடந்தன.

"என்னக்கா கோளாறு?" என்றான் மன்சூர்.

தமிழ்வாணி அட்டையைப் பைக்குள் போட்டாள். "கான்டாக்ட்ல தூசி தம்பி" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. மன்சூர் அரை நாள் வேலையாவது மிஞ்சட்டும் என்று இறங்கிப் போனான்.

ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையைத் தாண்டியது. அஜ்மல் பீவி அடுப்படிக்குப் போய் டீ போட்டார். தமிழ்வாணி நிலைப்படியில் நின்றாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?"

"நீ புள்ள பெத்தவதானே?"

"ஒரு பொம்பளப் புள்ள. அஞ்சாவது படிக்குது."

"அப்பச் சொல்லு. இதே வாசல்ல, வாரேம்மான்னு சொல்லிட்டுப் போன புள்ளதான். ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனாங்க. அதப் பாத்தவ நான். இந்தச் சிக்னல்ல பஸ்ஸும் லாரியும் எப்படி முட்டிக்கிட்டு வருது, பாத்தீல்ல? நல்ல கால் இருக்கவனே தாண்ட முடியல. அவன் போயிட்டு வர்ற வரைக்கும் எனக்கு வயித்துல ஒரு வாய் எறங்குறதில்ல தாயி."

"அதச் சொல்லி நிறுத்த வேண்டியதுதானே?"

"சொன்னேன். நான் மாடியிலயே கெடந்து மக்கிப்போகணுமாம்மான்னு கேட்டான். அதுக்கு என்ன பதில் சொல்ல? மெசினு கெட்டுப்போச்சுன்னா யார் மேலயும் கோவம் இல்லல்ல."

"என் மேல இருக்கும்மா."

அஜ்மல் பீவி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பக்கத்தை அவர் யோசித்திருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

தமிழ்வாணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. "கேஸ் தீப்பிடிச்சா, புகை வந்தா, நீங்க படியில எறங்கிருவீங்க. அவரு? இந்த அட்டை உள்ள இருந்தா அவரு எப்படி எறங்குவாரு?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தணித்து, "நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்கம்மா. அடுத்த சர்வீஸுக்கு வாரப்ப நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன்" என்றாள்.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். சோலை கேட்டதற்கு, பிடிபட்டுவிட்டது, இனி வராது என்று மட்டும் சொன்னாள். என்ன பழுது என்று அவர் துருவவில்லை.

அதன்பிறகு கோரிப்பாளையத்திலிருந்து போன் வரவில்லை. அஜ்மல் பீவி சொன்னாரா இல்லையா என்று தெரியாது. அடுத்த சர்வீஸ் தேதி வருவதற்குள் எழுமலையில் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து வந்தது. காலைப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில் தமிழ்வாணியின் போன் அடித்தது. புது எண்.

"தாயி, நான் மன்சூரு அம்மா. மெசினு பாதியில நின்னுபோச்சு. புள்ள உள்ள மாட்டிக்கிட்டான்." காது சரியாகக் கேட்காத அஜ்மல் பீவி ஸ்பீக்கரில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

தமிழ்வாணி இலையை விட்டு எழுந்து பந்தலுக்கு வெளியே போனாள். "எந்த எடத்துல நிக்குதும்மா?"

"தரைக்கு ஒரு மொழம் மேல. வேலைக்கு எறங்குனான், நின்னுபோச்சு. தாயி, இன்னிக்கு நான் ஒண்ணும் வைக்கல! அல்லா மேல சத்தியமா, நீ வந்துட்டுப் போனதுல இருந்து நான் அந்தப் பூட்டு பக்கமே போகல. நான் அட்டைய வைக்கவே இல்ல தாயி!"

போனில் சந்தின் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ ஆட்டோ ஹாரன். அஜ்மல் பீவியின் மூச்சு. ஒரு முழம் உயரத்தில், அம்மாவுக்கு எதிரே, இடுப்பளவு தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மன்சூரைத் தமிழ்வாணியால் பார்க்க முடிந்தது போல இருந்தது.

"தம்பி, கேக்குதா?" என்றாள்.

போனைக் காதோடு அழுத்தி மறுபடியும் கூப்பிட்டாள்.

"மன்சூர் தம்பி."

"கேக்குது." குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது.

"எறங்குற பட்டனைத்தான அமுக்கிக்கிட்டே இருக்கீங்க? அத விட்டுருங்க. மேல போற பட்டனை அமுக்குங்க. கொஞ்சம் மேல போனதும் நிறுத்துங்க."

மோட்டார் முனகும் சத்தம் போனில் வந்தது.

"ஏறுதா?"

"ஏறுது."

"அம்மா, நீங்க பக்கத்துல போகாம தள்ளி நின்னு குனிஞ்சு பாருங்க. மேடைக்கு அடியில என்ன கெடக்குது?"

"அட்டைப்பொட்டி. சிஹாபுதீன் கடைப் பொட்டி தாயி, நசுங்கிக் கெடக்கு."

மேடைக்கு அடியில் ஒரு தட்டு உண்டு. கீழே பூனையோ குழந்தையோ சாமானோ எது இருந்தாலும், தட்டு அதில் பட்டவுடன் லிஃப்ட் இறங்குவதை நிறுத்திவிடும். ஏறுவதைத் தடுக்காது. அன்று காலை வந்த சரக்கை இறக்கிய சிஹாபுதீனின் ஆட்கள், நிழலாக இருக்கிறதே என்று ஒரு பெட்டியை அங்கே தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். லிஃப்ட் செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

"தம்பி, லிஃப்ட் அசையாம இருக்க, நடுவுல இருக்கற சிவப்பு பட்டனை அமுக்கி வைங்க. அம்மா பொட்டிய எடுத்ததுக்கப்புறம் அதத் திருகி விட்டுட்டு எறங்குங்க."

யாரோ வந்து பெட்டியை இழுத்தார்கள். சிஹாபுதீனின் குரல் மன்னிப்புக் கேட்டது. மறுபடியும் மோட்டார் முனகியது. பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம்.

"போயிட்டான் தாயி," என்றார் அஜ்மல் பீவி. "ஒண்ணுமே பேசல. திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டான்."

"வந்துருவாரும்மா. நீங்க மேல போய்ச் சாப்பிடுங்க," என்றாள். அவள் திரும்பி வந்தபோது அந்தப் பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள். அடுத்த பந்தியில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மன்சூர் கூப்பிட்டான்.

"தூசின்னு சொன்னீங்கள்ல?"

"ஆமா தம்பி."

"ஒங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும். அம்மாவே சொல்லட்டும்னு விட்டேன்."

"அந்த மெசினு யாருக்குக்கா வச்சது? அம்மாவுக்கா, எனக்கா? நான் வாசல்ல உக்காந்து பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்குறேன். என் சொந்த வீட்டுல. நீங்க எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும்?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. "நீங்க சொல்றது சரிதான் தம்பி," என்றாள். அவன் இன்னும் கொஞ்சம் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் போனை வைத்துவிட்டான்.

அன்று மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் தமிழ்வாணி அதைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு ஒரு தவணை கொடுத்தது தயவு மாதிரி அப்போது பட்டது. மகனிடம் கேட்காமல் அவன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்த தயவு அது. உசிலம்பட்டி தாண்டியதும் தூங்கிப்போனாள்.

சர்வீஸ் நாள் வந்தது. மன்சூர் இல்லை, வேலைக்குப் போயிருந்தான். அஜ்மல் பீவி மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்து அவளை எதிர்கொண்டார்.

"பேசுறாராம்மா?" என்றாள் தமிழ்வாணி.

"எங்க பேசுனான்! வச்சதச் சாப்புட்டான், எந்திரிச்சுப் போனான். என்னமோ வெறும் செவுத்தப் பாத்துச் சாப்புடுற மாதிரி. போன வெள்ளிக்கெழம கொழம்புல உப்பப் போட மறந்துட்டேன். மனுசன் திங்கிற சோறாம்மா இதுன்னு தட்டத் தள்ளுனான். அப்பவாச்சும் வாயத் தொறந்தானேன்னு அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டேன்."

"வேணும்னே மறந்தீங்களா?"

"இல்ல தாயி. நெசமாவே மறந்துட்டேன்."

இப்போது அவன் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை போன் அடித்து வைத்துவிடுகிறானாம். எடுத்தால் பேசுவதில்லை, அடித்து வைப்பதோடு சரி. அது வரும்வரை அஜ்மல் பீவி காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. சிக்னலைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று மன்சூர் சொல்லியிருக்கிறான். இவர் பேசுவதில்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது என்றார்.

தமிழ்வாணி பேட்டரியைச் சோதித்தாள். பூட்டுத் துளையைப் பிரஷ்ஷால் துடைத்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. திருகுத்தண்டில் பழைய கிரீஸை வழித்துப் புதிது போட்டாள். கீழே போய் அடித்தட்டைக் கையால் தூக்கி, லிஃப்ட் நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. மேடை இறங்கும் இடத்தைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயின்டால் கட்டம் போட்டாள். கட்டத்துக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்று சிஹாபுதீனிடம் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

மேலே வந்து, "நீங்களும் ஒரு தடவ வாங்கம்மா. யாராவது மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்னு காட்டுறேன்" என்றாள்.

அஜ்மல் பீவி பின்வாங்கினார். இவ்வளவு நாளில் அவர் அந்த மேடையில் கால் வைத்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முட்டி வலியோடு தினமும் படியேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பிஸ்மில்லா சொல்லி ஏறினார். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தமிழ்வாணியின் தோளையும் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் கண்ணை மூடினார். பாதி வழியில் திறந்தார்.

"இத இன்னும் கொஞ்சம் மெதுவாப் போக வைக்க முடியாதா?"

"இதுக்கு ஒரே வேகந்தாம்மா."

கீழே வந்து சேர்ந்ததும் தரையை ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மஞ்சள் கோட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி நின்றிருந்தது. பெயின்ட் இன்னும் காயக்கூட இல்லை. அஜ்மல் பீவி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குள் போனார்.

"சிஹாபுதீனு! ஒனக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதையும் சாமானோட சேத்து வித்துட்டியா?"

தமிழ்வாணி விளக்குமாற்றைப் பைக்குள் செருகி, ஸ்கூட்டியைச் சந்திலிருந்து தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். அடுத்து சிம்மக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே மெயினை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று போனிலேயே தெரிந்துவிட்டது. சிக்னல் விழும்வரை பஸ்களுக்கு நடுவே காத்துக்கொண்டு நின்றாள்.